கொச்சியில் அரை நாள்: அம்மாவை எங்கே கூட்டிப் போகலாம்?

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அடுத்த மாதம் கொச்சியில் 3 நாள் மீன்வளக் கருத்தரங்கு. அம்மாவும் வருகிறார். விரல்களில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு 30 வருடம் பாசி எடுத்தவர். பாறை கிழித்த தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. வேறு கடற்கரையை அவர் பார்த்ததே இல்லை.

கடைசி நாள், சனிக்கிழமை, மதியத்துக்கு மேல் எனக்கு ஓய்வு. 1568-இல் கட்டிய மட்டாஞ்சேரி யூதர் ஆலயம் அன்று மூடியிருக்கும். சரி, அது போகட்டும். ஃபோர்ட் கொச்சி சீன வலையைத்தான் அம்மா பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். கயிற்றில் தொங்கும் கற்களின் பாரத்தில் வலை மேலே வரும் என்றதும், "அதுல என்ன மீனு விழும்?" என்று கேட்டார். எந்த நேரம் போனால் வலை இறக்கி ஏற்றுவதைப் பார்க்கலாம்?

அம்மாவுக்கு முழங்கால் வலி. எர்ணாகுளத்திலிருந்து போக வாட்டர் மெட்ரோவில் ஏறி இறங்குவது சுலபமா, சாதாரண படகே போதுமா? அப்புறம், நான் அரங்கில் இருக்கும் நேரத்தில் அம்மா தனியாக இருப்பார். தமிழ் பேசுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும்படி தங்க எந்தப் பகுதி நல்லது? அங்கே இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.