அம்மாவுக்கு அக்கி: எழுதக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள், போகலாமா?

கும்மோணத்தான்:
அம்மாவுக்கு வயது 63, சர்க்கரை உண்டு. இரண்டு மூன்று நாளாகவே வலது விலாவில் குத்தல், எரிச்சல். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். நேற்று காலை பார்த்தால் முதுகுத்தண்டு ஓரத்தில் ஆரம்பித்து மார்புக்குக் கீழ் வரை பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். ரவிக்கைத் துணி பட்டாலே சுள்ளென்கிறதாம். பார்த்தவர்கள் எல்லாரும் அக்கி என்கிறார்கள். பெரியம்மாவோ உடனே மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவியால் எழுது, இங்கிலீஷ் மருந்து கொடுத்தால் உள்ளே அமுங்கிவிடும் என்று ஒரே பிடிவாதம். என்ன செய்யலாம்? அப்புறம், இது வராமல் இருக்க ஊசி இருக்கிறதாமே, 68 வயது அப்பாவுக்குப் போடலாமா?

வெண்ணாற்றங்கரை:
பெரியம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. காவிக்கல்லை உரைத்துக் கோழி இறகால் தொட்டுக் கொப்புளத்தைச் சுற்றி எழுதுவார், சிங்க உருவம் போடுவார், மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், மீன், கத்தரிக்காய் ஆகாது. காசு கூடக் கேட்க மாட்டார், வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பதுதான். காவி காயக் காய எரிச்சல் அடங்குவது நமக்கே தெரியும். எனக்கு இடுப்பில் வந்தபோது எழுதி, இரண்டு வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிட்டது.

மருந்துக்கடை பாபநாசம்:
அண்ணே, எழுதாமல் இருந்திருந்தாலும் உதிர்ந்திருக்கும். கொப்புளம் ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும், அதனால்தான் எழுதியவருக்கும் பேர் கிடைக்கிறது, வேப்பிலை அடித்தவருக்கும் பேர் கிடைக்கிறது. தொல்லை தோலில் இல்லை, நரம்பில் இருக்கிறது. சின்ன வயதில் சின்னம்மை போட்டதே, அதே கிருமிதான் இது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்ளும். வயதாகி, அல்லது சர்க்கரை, ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து என்று ஏதோ ஒன்றில் எதிர்ப்பு சக்தி தளர்ந்தால் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த நரம்பு போகும் தடம்தான் உங்கள் அம்மா விலாவில் தெரியும் பட்டை.

கும்மோணத்தான், இதற்குக் கிருமியை அடக்கும் மாத்திரை இருக்கிறது. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள், இதுதான் வழக்கமான அளவு. வாலசைக்ளோவிர் என்றால் மூன்று வேளை. ஆனால் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், உங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது. மூன்று நாள் எழுதிவிட்டுப் பார்ப்போம் என்றால் அந்தக் கெடு அதிலேயே கரைந்துவிடும், என் சண்டை காவியோடு இல்லை, இந்த மூன்று நாளோடுதான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். கடையில் வந்து அசைக்ளோவிர் ட்யூப் மட்டும் கொடு, தடவிக்கொள்கிறேன் என்பவர்கள்தான் அதிகம், அக்கிக்கு அந்தக் களிம்பால் பெரிதாகப் பயன் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
மாத்திரை சாப்பிட்டவனுக்கெல்லாம் வலி போய்விட்டதா? எங்கள் தெருவில் ஒருவர் வாரக்கணக்கில் சாப்பிட்டார், இன்னும் சட்டை போட முடியாமல் துண்டோடு திரிகிறார்.

மருந்துக்கடை பாபநாசம்:
அவர் மாத்திரையை எத்தனையாவது நாள் ஆரம்பித்தார் என்று கேட்டுப் பாருங்கள். கொப்புளம் ஆறியும் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் அந்த வலி நிற்கும், வயது ஏற ஏற அதிகம். மாத்திரை அதை முழுதாகத் தடுக்கும் என்று நானும் சொல்லவில்லை. கொப்புளம் சீக்கிரம் ஆறும், ஆரம்ப வலி குறையும். பின்னால் நிற்கும் நரம்பு வலிக்கு வேறு மருந்துகள் உண்டு, சாதாரண வலி மாத்திரை அதற்குப் போதாது, அவரை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

வடவாறு:
மாத்திரை சரி. அந்த ஊசி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். 2023-இல் ஷிங்ரிக்ஸ் என்ற அந்த ஊசி இங்கே வந்ததிலிருந்து டிவியைத் திறந்தால் பயமுறுத்தல். ஒரு டோஸே பத்தாயிரத்துக்கு மேல், இரண்டு டோஸ் போட வேண்டும், வீட்டில் இரண்டு பெரியவர்கள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குறுவைக்கு உரம் வாங்கவே சொசைட்டி வாசலில் நிற்கிறவன் எங்கே போவான்? அதுவும் கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் ஊசி எதற்கு?

ஸ்டாஃப் நர்ஸ் திருவாரூர்:
உள்ளே இருப்பதை விரட்டுவதற்கு இல்லை சார், அது தலைதூக்காமல் பார்த்துக்கொள்ளும் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுவதற்கு. உயிருள்ள கிருமி அதில் கிடையாது, கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதம்தான். 50 வயதுக்கு மேல், இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். சோதனைகளில் 50, 60 வயதுக்காரர்களிடம் 97 சதவீதம் தடுத்தது, 70 தாண்டியவர்களிடமும் 90 சதவீதத்தை ஒட்டி. கை வலி, காய்ச்சல், அசதி இரண்டு மூன்று நாள் இருக்கும். அறுவடை நாளில் போட்டுக்கொள்ளாதீர்கள். விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான், அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, வசதி இல்லாதவரைப் பயமுறுத்தி விற்பது எனக்கும் பிடிக்காது. வீட்டில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் வயதானவர், சர்க்கரைக்காரர் முதலில். அம்மாவுக்கும் இது முழுக்க ஆறிய பிறகு போடலாம், திரும்ப வராது என்று சொல்ல முடியாது.

வடவாறு:
பணம் உள்ளவனுக்கு ஊசி, இல்லாதவனுக்குக் காவிக்கல். அப்படித்தானே?

ஸ்டாஃப் நர்ஸ் திருவாரூர்:
இல்லாதவருக்கு அரசு ஆஸ்பத்திரி சார். அக்கிக்கு அங்கே காசில்லாமல் வைத்தியம் நடக்கிறது, நேரத்தோடு வந்தால் போதும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே கண் டாக்டர். பார்வை போகும் விஷயம்.

கும்மோணத்தான்:
மாலையே டாக்டரிடம் போகிறோம். இரண்டு கேள்வி. பட்டை சுற்றி வந்து முட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார்களே? தங்கைக்கு ஏழாம் மாதம், அடுத்த வாரம் இங்கே வளைகாப்பு வைத்திருக்கிறோம், ஒட்டுமா?

ஸ்டாஃப் நர்ஸ் திருவாரூர்:
முட்டாது. நரம்பு இடப்பக்கத்துக்குத் தனி, வலப்பக்கத்துக்குத் தனி, அதனால் பெரும்பாலும் உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும், உடம்பெங்கும் வந்தால் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கைக்கு அக்கியாக ஒட்டாது, ஆனால் அவருக்குச் சின்னம்மை போட்டதே இல்லை, அதற்கான ஊசியும் போடவில்லை என்றால் கொப்புளத்து நீர் பட்டு அம்மையாக வரலாம், கர்ப்பிணிக்கு அது நல்லதில்லை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை அம்மா மூடிக்கொள்ளட்டும், துண்டு தனி, தங்கை தள்ளியே இருக்கட்டும். பார்க்கும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வளைகாப்பைத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.

வெண்ணாற்றங்கரை:
மாத்திரையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு பக்கம் ஓடட்டும், எழுதவும் எழுதுங்கள், பெரியம்மா மனசும் ஆறும்.

மருந்துக்கடை பாபநாசம்:
முதல் வேளை மாத்திரை உள்ளே போன பிறகு எழுதுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் காவி படக் கூடாது, சர்க்கரை உடம்பு, சீழ் வைத்துவிடும். எழுதும் நாளிலும் வெறும் வயிறு வேண்டாம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மயக்கம் வரும்.

வெண்ணாற்றங்கரை:
சுற்றித்தான் எழுதுவார்கள், மேலே இல்லை. உங்களுக்கு அது கூடத் தெரியாமல் இவ்வளவு நேரம் சண்டையா?