பெர்த்திலிருந்து சிட்னி வரை காரில்: வெறும் வெளியைப் பார்க்க நான்காயிரம் கிலோமீட்டரா?

பொதிகைச்சாரல்:
வரும் ஆகஸ்டில் இருபத்திரண்டு நாள் ஆஸ்திரேலியாவில் இருக்கப்போகிறோம். நான், மனைவி, அப்பா. பெர்த்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, நல்லார்பார் சமவெளியைக் கடந்து, அடிலெய்டு வழியாக சிட்னி போய் அங்கே விமானம் ஏறுவதாக எண்ணம். கூட்டிப் பார்த்தால் நான்காயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பன்னிரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஓட்டப்போவது நான் ஒருவன்தான். அப்பாவுக்கு வயது 68. முப்பத்தொரு ஆண்டு பேருந்து ஓட்டியவர். "வளைவே இல்லாத ரோடு ஒன்று அங்கே இருக்கிறதாமே, அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பெர்த்தில் இருக்கும் உறவினர் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "பைத்தியமா உனக்கு?" என்று போனை வைத்துவிட்டார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ஸ்வான்நதி:
உங்கள் உறவினர் சொன்னதையே நானும் சொல்கிறேன், சற்று மரியாதையாக. பெர்த்தில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். நார்ஸ்மன் என்ற சிற்றூரைத் தாண்டினால் செடூனா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து சென்னை போய்த் திரும்பும் தொலைவு. வழியில் மதுரை இல்லை, திருச்சி இல்லை, விழுப்புரத்துக் காப்பி இல்லை. ரோட்ஹவுஸ் என்று சில இருக்கின்றன: ஒரு பெட்ரோல் பங்க், ஓர் உணவகம், பின்னால் சில அறைகள். அவ்வளவுதான் ஊர். கையில் இருப்பதே மூன்று வாரம். ஆல்பனி, மார்கரெட் ரிவர் என்று தென்மேற்கு மூலையைச் சுற்றிவிட்டு, விமானத்தில் மெல்போர்ன் போய் கிரேட் ஓஷன் ரோட்டில் ஓட்டுங்கள். ஒன்றுமில்லாததைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவழித்து வந்த வெளிநாட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நெடுஞ்சாலை நாடோடி:
இதோ சந்தித்துவிட்டீர்கள். நான் இரண்டு முறை கடந்திருக்கிறேன், இரண்டும் சுற்றுலா விசாவில். ஒன்றுமில்லை என்பதைப் பார்க்கத்தானே ஐயா போகிறோம்? நல்லார்பார் என்ற பெயருக்கே 'மரமில்லை' என்பதுதான் லத்தீனில் பொருள். பாலடோனியா, கைகுனா என்ற இரண்டு ரோட்ஹவுஸ்களுக்கு இடையில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லை. ஸ்டீரிங்கில் கை சும்மா இருக்கிறது. எதிரே ஒரு புள்ளி தெரியும், பளபளக்கும், வருவது போலவே இருக்கும், வரவே வராது. ஐந்து நிமிடம் கழித்து அது ஒரு வேன் ஆகும். அதன் ஓட்டுநர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வணக்கமாம். முதல் நாள் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் என் விரலும் தானாக எழுந்தது.

இன்னொன்று. சில இடங்களில் தார்ச் சாலையின் மேலேயே விமான ஓடுபாதைக்குரிய வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு அங்கே இறங்கும். ஆஸ்பத்திரி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

ஸ்வான்நதி:
கடைசி வாக்கியத்தை நீங்கள் என்ன அழகுக்காகச் சொன்னீர்களோ தெரியவில்லை. 68 வயதுக்காரரை அழைத்துப்போகிறவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம்.

பெர்த்–நார்ஸ்மன் 725, நார்ஸ்மன்–செடூனா 1,200, செடூனா–போர்ட் அகஸ்டா 470, அங்கிருந்து அடிலெய்டு 310. ஆக ஏறத்தாழ 2,700. அடிலெய்டிலிருந்து சிட்னி இன்னும் 1,375. பன்னிரண்டு நாளில் வகுத்தால் நாளுக்கு 340 கிலோமீட்டர்தான். சுலபம் போலத் தெரிகிறது. ஆனால் இந்த வகுத்தலே தப்பு. படுக்கும் இடம் நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது; ரோட்ஹவுஸ் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். சில நாள் 250 கிலோமீட்டரில் நிறுத்தியாக வேண்டும், சில நாள் 500.

அடுத்தது பகல். ஆகஸ்டில் அங்கே குளிர்காலம், பகல் வெளிச்சம் ஏறத்தாழ பதினொரு மணி நேரம். கிழக்கு நோக்கிப் போகப் போகக் கடிகாரமும் உங்களைத் தின்னும். யூக்லா பக்கத்துச் சிற்றூர்கள் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னே வைத்துக்கொள்கின்றன. அடிலெய்டில் அது ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். பொழுது சாய்ந்த பின் ஓட்டவே கூடாது. கங்காருக்கள் அந்தி வேளையில்தான் சாலைக்கு வரும். சில வாடகை ஒப்பந்தங்களில், ஊருக்கு வெளியே இரவில் விலங்கு மோதினால் காப்பீடு இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். மோதினால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

மூன்றாவது, ரோடு டிரெயின். ஒரே லாரி பின்னால் பெட்டி பெட்டியாக இழுத்துப்போவது. அந்தச் சாலையில் 36.5 மீட்டர் வரை நீளம். அது மணிக்கு 100-இல் போக, நீங்கள் அனுமதித்த உச்சமான 110-இல் தாண்டுகிறீர்கள் என்று வையுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து 150 மீட்டர் முந்த வேண்டும். வினாடிக்கு மூன்று மீட்டர்கூட முந்தமாட்டீர்கள். 54 வினாடி எதிர்த் தடத்தில் இருப்பீர்கள். அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

நெடுஞ்சாலை நாடோடி:
கணக்கு சரி. ஆனால் அவசரமில்லாதவன் ஏன் தாண்ட வேண்டும்? அதன் பின்னாலேயே 100-இல் போகலாமே. தாண்டுவதில் காட்டும் வீரத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

தஞ்சைத் தட்டு:
இவ்வளவு சண்டை எதற்கு? இந்தியன் பசிபிக் ரயிலில் போங்கள். சிட்னி–பெர்த் 4,352 கிலோமீட்டர், மூன்று இரவு. அதே நல்லார்பாரில் அந்தத் தண்டவாளம் 478 கிலோமீட்டர் வளையாமல் போகிறது, உலகிலேயே நீளமானது. வளைவில்லாத பாதைதான் வேண்டும் என்றால் ரயில் மும்மடங்குக்கும் மேல் கொடுக்கிறது!

நெடுஞ்சாலை நாடோடி:
ரயிலில் நேர்கோடு யாருக்குத் தெரியும்? இஞ்சின் ஓட்டுநருக்கு. பயணிக்குக் கிடைப்பது பக்கவாட்டுச் சன்னல். முப்பத்தொரு ஆண்டு முன்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்தவரை சன்னல் ஓரத்தில் உட்காரவைப்பீர்களா?

தஞ்சைத் தட்டு:
சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ரயிலில் சாப்பாடு நன்றாக இருக்கும்.

அடிலெய்டு அக்கா:
போகலாமா வேண்டாமா என்று ஆண்கள் வாதாடிக்கொண்டிருங்கள். தம்பி, உங்களுக்குச் சில நடைமுறை விஷயம்.

உங்கள் ஊர் உரிமம் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதால் சுற்றுலா வந்தவர் அதை வைத்து ஓட்டலாம். ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வாங்கி வாருங்கள். வாடகை நிறுவனத்து மேசையில் கேட்பார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது உங்களுக்கு வரம். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் படும் அவதி இல்லை. ரவுண்டானாவில் மட்டும் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடுங்கள், நிஜமாகவே நின்று வழிவிடுங்கள். நம் ஊரில் போல மூக்கை நுழைக்காதீர்கள்.

ஒரு மாநிலத்தில் எடுத்து இன்னொரு மாநிலத்தில் காரை விட்டால் அதற்கென்று தனிக் கட்டணம் உண்டு, குறைவாக இருக்காது. நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போன முறை என் தம்பி வாய்வார்த்தையை நம்பி எடுத்தான். காரைத் திருப்பித் தந்த அன்று அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தண்ணீர் நிறைய எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த வறண்ட பூமியில் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே 200 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் இரவில் சில மூடிவிடும். பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

இனி முக்கியமானது. செடூனாவில் சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈ பரவாமல் இருக்க, தக்காளி, மிளகாய், எலுமிச்சை எதையும் தாண்டவிடமாட்டார்கள். போன வருடம் வந்த என் மாமியார் மடியில் ஒரு பை பச்சை மிளகாயை வைத்துக்கொண்டு, "இது வீட்டில் காய்த்தது" என்று அந்த அதிகாரியிடம் தமிழிலேயே வாதாடினார். அவர் மிகவும் பணிவாகக் கேட்டுவிட்டுப் பையை வாங்கித் தொட்டியில் போட்டார்.

பொதிகைச்சாரல்:
அக்கா, மிக்க நன்றி. கறிவேப்பிலையை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

நேற்று இரவு இந்த விவாதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாலடோனியா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்கைலாப் விழுந்த இடமா?" என்றார். 1979 ஜூலையில் அந்த அமெரிக்க விண்கலம் எங்கே விழுமோ என்று ஊரே நடுங்கிய கதை எனக்குத் தெரியாது. அப்பாவின் ஆத்தா, "எப்படியும் சாகப்போகிறோம்" என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டாராம். மறுநாள் யாரும் சாகவில்லை, கோழியும் இல்லை. விண்கலத்தின் துண்டுகள் பாலடோனியா பக்கம் விழுந்தன, அங்குள்ள ரோட்ஹவுசில் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். இப்போது வளைவில்லாத ரோட்டைவிட அதுதான் முக்கியமாகிவிட்டது.

ஸ்வான்நதி:
எஸ்பெரன்ஸ் ஊராட்சி அன்றைக்குக் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. அதுவும் அந்தப் பக்கம்தான். கோழிக்கு யாரிடம் கேட்பது?

சரி, ஒரு சமரசம் சொல்கிறேன். பெர்த் பக்கம் வேண்டாம். அடிலெய்டில் கார் எடுத்து, மேற்கே ஹெட் ஆஃப் பைட் என்ற கடற்கரை வரை போய்த் திரும்புங்கள். ஆகஸ்டில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரைக்குப் பக்கத்தில் இருக்கும். செங்குத்துப் பாறைகள், சமவெளி, எல்லாம் ஒரு கைப்பிடி கிடைத்துவிடும். எடுத்த இடத்திலேயே காரை விடுவதால் கூடுதல் கட்டணமும் இல்லை.

நெடுஞ்சாலை நாடோடி:
அப்படித் திரும்பினால் நேர்ச்சாலையும் கிடையாது, ஸ்கைலாப்பும் கிடையாது. இரண்டும் மேற்கே, அந்தப் பக்கம். அடிலெய்டிலிருந்து ஹெட் ஆஃப் பைட் போய்த் திரும்பவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதோடு எழுநூறு சேர்த்தால் முழுதாகக் கடந்தே விடலாம். பார்த்த சாலையையே மறுபடியும் பார்த்துக்கொண்டு திரும்புவது என்ன பயணம்?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் போன இரு முறையும் ஓட்ட இரண்டு பேர் இருந்தோம். ஒருவரே பன்னிரண்டு நாள் என்றால், அடிலெய்டு தாண்டியபின் உடம்பு கேட்காது. அந்த 1,375 கிலோமீட்டரில் கோதுமை வயலும் செம்மறியாடும்தான். அதை விட்டுவிடுங்கள். அப்பாவை ஓட்டவைக்க முடியாதா?

பொதிகைச்சாரல்:
அவருடைய உரிமம் காலாவதியாகி நான்கு ஆண்டு ஆகிறது. கேட்டால் கோபம் வரும், கேட்கவில்லை.

முடிவு இது: பெர்த்–அடிலெய்டு மட்டும், ஒன்பது நாள். இறங்கிய நாளும் மறுநாளும் ஸ்டீரிங்கைத் தொடமாட்டேன். தினமும் மாலை நான்கு மணிக்குள் அறை. எல்லா ரோட்ஹவுஸ் அறைகளையும் இப்போதே பதிவு செய்கிறேன். ஹெட் ஆஃப் பைட்டில் அரை நாள். அடிலெய்டில் காரை விட்டுவிட்டு சிட்னிக்கு விமானம்.

கணக்குப்பிள்ளை:
நாளுக்கு 300. இப்போது வகுத்தல் பரவாயில்லை. காப்பீட்டில் விலங்கு மோதலைத் தனியாகக் கேளுங்கள்.

ஸ்வான்நதி:
நான் இன்னும் என் கருத்தை மாற்றவில்லை. ஒன்பது நாளில் தென்மேற்கு முழுவதையும் பார்த்திருக்கலாம்.

பொதிகைச்சாரல்:
இருக்கலாம் அண்ணா. முழுத் திட்டத்தையும் கேட்ட அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டீக்கடை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று?" நூற்றெண்பது, நூற்றுத்தொண்ணூறு என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஃப்ளாஸ்க் பெரியதாக வாங்கு" என்றார்.

ஸ்வான்நதி:
வாங்க வேண்டாம். என்னிடம் இரண்டு லிட்டர் ஃப்ளாஸ்க் சும்மா கிடக்கிறது. இறங்கியதும் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் நானும் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன்.