மாணிக்கம் இல்லம்: பெரிய மாமா வாங்கிவைத்த தோட்டாக்கள்

குழு: மாணிக்கம் இல்லம், டோ பாயோ, சிங்கப்பூர்
குழு விளக்கம்: பாட்டியின் 80ஆம் பிறந்தநாள் ஏற்பாடுகள். தாத்தாவின் விருப்பப்படி அனைவரும் நல்ல தமிழில் எழுதவும்.

சனிக்கிழமை

[இரவு 8:52] செல்வம், டெக்சஸ்: அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் பிறந்தநாளுக்கு அடுத்த வியாழக்கிழமை சாங்கியில் வந்திறங்குகிறோம். கவினயா காற்றுத் துப்பாக்கியிலிருந்து, 0.22 அங்குலத் தோட்டா சுடும் பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு மாறியிருக்கிறாள் என்று தேவி சொன்னாள். அவளுக்காக இங்கே 500 தோட்டா கொண்ட, சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி ரகப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்துவிடுகிறேன்.

[இரவு 8:53] கதிர்: அண்ணா, ஒரு தோட்டாவைக்கூடக் கொண்டுவராதீர்கள்.

[இரவு 8:53] தேவி: அண்ணா, தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

[இரவு 8:57] கதிர்: அங்கே கடையில் பாலோடும் ரொட்டியோடும் சேர்த்து வாங்கும் பொருளாக அது இருக்கலாம். இங்கே ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், அதோடு 6க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கவினயா பயிற்சிக்குப் பயன்படுத்தும் தோட்டாக்கள்கூடக் கிளப்பின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கின்றன. எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறார்கள். சுடுதளத்தில் பாதுகாப்பு அலுவலராகத் தொண்டு செய்கிறவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், சட்டைப்பையில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவையும் தேடி எடுத்து அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

[இரவு 8:58] ரவி: பழைய கைப்பைகளையும் உதறிப் பாருங்கள், மச்சான்.

[இரவு 9:01] செல்வம், டெக்சஸ்: புரிந்தது, கொண்டுவரவில்லை. நான் அன்பாகச் செய்ய நினைப்பதில் இந்தக் குழு எப்போதும் ஒரு சட்டச் சிக்கலைக் கண்டுபிடித்துவிடுகிறது.

[இரவு 9:02] மாலதி அண்ணி: அந்த இடத்தில் பாதாம் பருப்பு வைத்துக்கொள்ளலாம்.

[இரவு 9:02] தேவி: போன முறை வந்த பாதாமே இன்னும் தீரவில்லை, அண்ணி.

[இரவு 9:05] கவினயா: பெரிய மாமா, நீங்கள் நினைத்ததற்கே மிக்க நன்றி. என் பயிற்றுநர் எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ் என்ற தோட்டாவைக் கொடுக்கிறார். என் தோழி ஈலி டீம் என்ற ரகத்தைச் சுடுகிறாள், அதுதான் உயர்ந்தது என்கிறாள். சின்ன மாமா, எது உண்மையில் நல்லது?

[இரவு 9:06] செல்வம், டெக்சஸ்: உலகிலேயே அதிகமாகப் பாயிண்ட் 22 சுடுகிற நாடு இது. சிசிஐ மட்டமாக இருக்க முடியாது.

[இரவு 9:19] கதிர்: மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன், அண்ணா. சிசிஐ ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன் ஊரில் செய்யப்படுகிறது, அந்த விலைக்கு அவ்வளவு சீரான தோட்டா கிடைப்பது அரிது. மினசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் வின்செஸ்டர், மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் அகிலா என்று உங்கள் பக்கத்தில் பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பெரும்பகுதி வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் கோடிக்கணக்கில் செய்யப்படுவது. ஒலிம்பிக் சுடுதளத்தில் நீங்கள் பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள ஈலி, ஜெர்மனியில் நியூரம்பெர்க்கை ஒட்டிய ஃபூர்த் நகரின் ஆர்டபிள்யூஎஸ், பிறகு லாப்புவா. லாப்புவா என்பது பின்லாந்து ஊரின் பெயர்தான் என்றாலும், அதன் பாயிண்ட் 22 தோட்டாக்கள் ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையிலுள்ள ஷோனபெக்கில் தயாராகின்றன. கவினயா சுடும் எஸ்கேயும் அதே ஷோனபெக் ஆலையிலிருந்து வருவதுதான்.

[இரவு 9:20] கவினயா: அப்படியென்றால் என்னுடையது லாப்புவாவின் தங்கையா?

[இரவு 9:21] கதிர்: ஒரே கூரைக்கு அடியில் பிறந்தவை என்று சொல்லலாம்.

[இரவு 9:24] தாத்தா: ஒரே ஆலை, ஒரே இயந்திரம் என்றால் தரம் எப்படி வேறுபடும்? கதிர் விளக்கட்டும்.

[இரவு 9:41] கதிர்: அப்பா, இந்தத் தோட்டாவின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. பெரிய ரகத் தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் தனியாக ஒரு சிறு வெடிமூடி இருக்கும். அதைக் கழற்றி, வெடிமருந்தை நாமே நிறுத்துப் போட்டு, ஆலை விட்ட குறையைச் சரிசெய்யலாம். 1887இல் வந்து இன்றுவரை நிலைத்திருக்கும் இந்தப் பாயிண்ட் 22 லாங் ரைஃபிளில் அது முடியாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பு ஒன்று உண்டு. அந்த விளிம்பின் உட்புறக் குழிவுக்குள்தான் தீப்பற்றும் கலவை இருக்கிறது. வழக்கமான முறையில், ஈரக் கலவையை ஒரு துளி கூட்டுக்குள் இட்டு, கூட்டை மிக வேகமாகச் சுழற்றி, அது விளிம்பு முழுவதும் பரவும்படி செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது கலவை பற்றி, உள்ளேயுள்ள மருந்தைக் கொளுத்துகிறது. விளிம்பின் ஒரு பக்கம் கலவை கூடி, இன்னொரு பக்கம் குறைந்திருந்தால், ஊசி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத் தீயின் வேகம் மாறும். அதைச் சுடுகிறவர் கண்டறியவும் முடியாது, திருத்தவும் முடியாது. எல்லாம் ஆலையின் கையில். அதனால்தான் நல்ல ஆலைகள் செய்து முடித்தபின் ஒவ்வொரு தொகுதியையும் சுட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கின்றன. மிகச் சீராக வந்தது ஈலியில் டெனெக்ஸ் என்றும், லாப்புவாவில் எக்ஸ் ஆக்ட் என்றும் பெயர் பெறுகிறது. அடுத்த நிலையில் வந்தது அடுத்த பெயரில், குறைந்த விலையில் போகிறது.

[இரவு 9:43] தாத்தா: நன்றாக விளங்குகிறது. ஆனால் அந்த வேக மாறுபாடு 50 மீட்டரில் தெரியுமா?

[இரவு 9:52] கதிர்: தெரியும், அப்பா. தோட்டாவின் ஈயக்குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். போட்டித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அது நொடிக்கு 10 மீட்டர் குறைந்தால் 50 மீட்டர் தொலைவில் குண்டு 7 அல்லது 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே விழும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பிள்ளை மூச்சை அடக்கிச் சரியாகச் சுட்டிருப்பாள், பலகையில் ஒன்பது விழலாம், தன் கையைத்தான் நொந்துகொள்வாள்.

[இரவு 9:53] கவினயா: போன மாதம் எனக்கு அப்படித்தான் நடந்தது!

[இரவு 9:54] தேவி: அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள்.

[இரவு 9:56] செல்வம், டெக்சஸ்: வேகம் கூடுதலான ஹை வெலாசிட்டி ரகம் வாங்கினால் இந்தச் சிக்கல் குறையாதா?

[இரவு 10:03] கதிர்: குறையாது, அதிகமாகும், அண்ணா. அந்த ரகம் ஒலியைவிட வேகமாகக் குழலை விட்டு வெளியேறி, இலக்கை அடைவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்படிக் கடக்கும்போது காற்றழுத்தம் குண்டை அசைத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் போகிறது. போட்டித் தோட்டா தொடக்கத்திலிருந்தே அதற்குக் கீழே இருப்பது அதனால்தான்.

[இரவு 10:05] ரவி: அப்படியானால் டெனெக்ஸ் வாங்கிவிடலாமா? மூன்று நான்கு மடங்கு விலை என்று கேள்விப்பட்டேன்.

[இரவு 10:16] கதிர்: அத்தான், பெயரைப் பார்த்து வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பிடித்தம் உண்டு. ஒரே டெனெக்ஸில் ஒரு லாட், அதாவது ஆலையில் ஒன்றாகச் செய்த ஒரு தொகுதி, இவள் துப்பாக்கியில் ஒரே துளையாக விழும், அடுத்த லாட் சிதறும். விலை குறைந்த எஸ்கே ரைஃபிள் மேட்ச் அதைவிட நன்றாக விழுந்ததை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெட்டியின் மேல் அச்சிட்ட லாட் எண்தான் நாம் பார்க்க வேண்டியது. ஈலி பெட்டியில் அந்த லாட்டின் வேகம்கூட இருக்கும். ரைஃபிளைத் தாங்கியில் பொருத்தி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சில முறை சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அந்த லாட்டில் ஒரு பருவத்துக்குப் போதுமானதை மொத்தமாக வாங்குவதே முறை. ரகம் மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் முந்தைய குண்டின் மெழுகுப் பூச்சு குழலுக்குள் ஒட்டியிருக்கும்.

[இரவு 10:18] தாத்தா: கிளாஸ்கோவில் 2014இல் நம் சிங்கப்பூரின் ஜாஸ்மின் சேர் காமன்வெல்த் தங்கம் வென்றதும், பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றதும், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் இந்த 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில்தான். பேத்தி சரியான பாதையில் போகிறாள்.

[இரவு 10:19] கவினயா: தாத்தா, நான் இன்னும் மண்டியிட்டு ஒழுங்காக உட்காரவே பழகவில்லை.

[இரவு 10:22] தேவி: எனக்கு வேறு கவலை. குண்டு ஈயம் என்கிறாய். தினமும் கையில் தொடுகிறாள்.

[இரவு 10:28] கதிர்: நியாயமான கவலை, அக்கா. குண்டு மட்டுமல்ல, தீப்பற்றும் கலவையிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம்தான் இருக்கிறது. அதன் புகை சுடுதளக் காற்றில் கலக்கும். காற்றோட்டக் கருவி ஓடாமல் நாங்கள் தளத்தைத் திறப்பதில்லை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவள் எதையும் வாயில் வைக்கக் கூடாது, அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

[இரவு 10:29] தேவி: கவினயா, படித்தாயா?

[இரவு 10:29] கவினயா: படித்தேன், அம்மா.

[இரவு 10:34] செல்வம், டெக்சஸ்: சரி, தோட்டா கொண்டுவர முடியாது. அந்த லாட் சோதனைக்கும் அதன்பின் வாங்குவதற்கும் ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

[இரவு 10:36] தேவி: வேண்டாம், அண்ணா. சமையலறையைப் புதுப்பித்தபோதும் இப்படித்தான் தொடங்கியது.

[இரவு 10:37] மாலதி அண்ணி: தேவி, அதை இங்கே பேச வேண்டாமே.

[இரவு 10:40] ரவி: பாதி அவர், பாதி நாங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

[இரவு 10:41] தேவி: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

[இரவு 10:46] கதிர்: பணத்தைப் பிறகு பேசுங்கள். கிளப்புக்கு வரும் சரக்கில் எஸ்கேயில் இரண்டு லாட், ஈலி டீமில் ஒன்று, லாப்புவா சென்டர் எக்ஸில் ஒன்று என ஒதுக்கி வைக்கும்படி கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நாம் பதில் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சோதனைக்கு இடம் கிடைக்கும். அண்ணா விரும்பினால் பார்வையாளராக வரலாம், முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்.

[இரவு 10:47] செல்வம், டெக்சஸ்: என் பெயரைக் கொடுத்துவிடு.

[இரவு 10:48] தேவி: ஞாயிறு காலை பாட்டியைக் கோயிலுக்கு யார் அழைத்துப் போவது?

[இரவு 10:50] கவினயா: சின்ன மாமா, ஈலியை இரண்டு லாட்டாகக் கேட்க முடியுமா? ஒன்றை மட்டும் வைத்து எப்படி முடிவு செய்வது?

[இரவு 10:52] கதிர்: சரியான கேள்வி. நாளை கேட்டுச் சொல்கிறேன்.