அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும் எல்இடி, விட்டு விட்டு எரியும் எல்இடி: கோளாறு எங்கே?

மாடிப்படி:
வணக்கம். வீட்டில் இரண்டு எல்இடி பல்புகள் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

முதலாவது படுக்கையறையில். கண்ணாடிக்குள் மஞ்சள் குச்சி குச்சியாக இருக்குமே, அந்த ஃபிலமென்ட் வகை. சுவிட்சை அணைத்த பிறகும் குச்சிகள் மங்கலாக ஒளிர்கின்றன. கண் இருட்டுக்குப் பழகியதும் நன்றாகவே தெரிகிறது, விடியும்வரை அப்படியே இருக்கிறது. இதே ஹோல்டரில் முன்பு குண்டு பல்பு இருந்தபோது இப்படி இல்லை.

இரண்டாவது கூடத்தில், மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள். போட்டதும் நன்றாக எரிகிறது. சற்று நேரத்தில் அணைந்து, தானாகவே மறுபடி எரிந்து, மறுபடி அணைகிறது. கழற்றித் திறந்த ஹோல்டரில் மாட்டினால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறது, பிறகு அதே கதைதான். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வட்டமான வெள்ளைத் தகட்டில் மஞ்சள் சதுரங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் நடுவில் குண்டூசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. "அந்த ஒன்றை மட்டும் ஈயம் வைத்து ஷார்ட் பண்ணிவிடு, எரியும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

டெஸ்டர்:
இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தனித்தனியாகப் பார்ப்போம். படுக்கையறை சுவிட்சில், அணைத்திருக்கும்போது மினுக்கும் சின்ன சிவப்பு விளக்கு இருக்கிறதா? படுக்கையறை பல்புக்கு டூ வே சுவிட்ச், அதாவது இரண்டு இடங்களிலிருந்து போட்டு அணைக்கும்படி, போட்டிருக்கிறீர்களா? கூடத்துப் பல்பின் வெள்ளைத் தகட்டில் மஞ்சள் சதுரங்கள் மட்டும்தானா, அல்லது வேறு கறுப்பு உதிரிகளும் அதிலேயே ஒட்டியிருக்கின்றனவா?

மாடிப்படி:
ஆமாம், சுவிட்சில் சிவப்பு விளக்கு உண்டு. டூ வே இல்லை. தகட்டின் நடுவில் சின்னக் கறுப்பு ஐசி ஒன்றும், ஓரத்தில் டயோடு மாதிரி ஒன்றும் இருக்கின்றன. கீழே தனி போர்டு எதுவும் இல்லை, ஹோல்டர் பக்கமிருந்து இரண்டு வயர்கள் நேரே தகட்டுக்கு வருகின்றன.

டெஸ்டர்:
அப்படியானால் படுக்கையறைக் கோளாறு பல்பில் இல்லை, சுவிட்சில். அந்தச் சிவப்பு விளக்கு ஒரு நியான். சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பெரிய மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரோடு சேர்த்து வைத்திருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது நியான் எரிவதற்கான மின்னோட்டம் உங்கள் பல்பு வழியாகத்தான் நியூட்ரலுக்குப் போகிறது. அது 1 மில்லிஆம்பியருக்கும் குறைவு. 60 வாட் குண்டு பல்புக்கு கால் ஆம்பியருக்குமேல் வேண்டும் என்பதால் அது அசையக்கூட இல்லை. எல்இடி சில்லு அப்படியில்லை, சில மைக்ரோஆம்பியர் கிடைத்தாலே இருட்டில் தெரியும் அளவுக்கு ஒளிரும். சில பல்புகளில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல நிறைந்து, சில விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைவதும் இதனால்தான்.

நியானின் வயரைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டால் தீரும். எடுப்பதற்கு முன் மெயினை அணையுங்கள். எடுத்த பிறகும் ஒளிர்ந்தால் இரண்டு சாத்தியங்கள். ஒன்று, பேஸுக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். இதை உடனே திருத்த வேண்டும், ஏனென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், பல்பு மாற்றுகிறவர் கைக்கு ஆபத்து. இன்னொன்று, ஒரே குழாய்க்குள் நெடுந்தூரம் ஒட்டி ஓடும் வயர்களுக்கிடையே கசியும் மின்னோட்டம். டூ வே இணைப்புகளில் இது அடிக்கடி நடக்கும், அதனால்தான் கேட்டேன்.

அணைத்த சில விநாடிகள் மட்டும் ஒளிர்ந்து மங்கி மறைந்தால் அது கெப்பாசிட்டரில் மிச்சம் இருந்தது தீர்வது. அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈயக்கம்பி:
கூடத்துப் பல்புக்கு நான் வருகிறேன். ஷார்ட் பண்ணுவதற்கு முன் அந்தத் தகட்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள், பல்பின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மஞ்சளாகத் தெரிவது எல்இடி இல்லை, அதன்மேல் ஊற்றிய பாஸ்பர் பூச்சு. அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. நீலத்தில் ஒரு பங்கு பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மிச்ச நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. நன்றாக ஒளிரும் நீல எல்இடி கிடைக்காமல் போயிருந்தால் வெள்ளை பல்பே வந்திருக்காது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது முற்றிலும் பொருத்தம் என்பேன்.

சில்லிலிருந்து முனைக்கு முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று ஓடும். சூடு ஏறி இறங்கி அந்தக் கம்பியின் ஒட்டு விடும்போது அந்த இடத்தில் தீப்பொறி பறந்து பூச்சு கருகும். உங்கள் கறுப்புப் புள்ளி அதுதான். எல்லாச் சதுரங்களும் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று விட்டால் மொத்தமும் அணையும். குளிர்ந்ததும் கம்பி மறுபடி தொடும், எரியும், சூடாகும், விலகும். திறந்த ஹோல்டரில் கூடுதல் நேரம் எரிவது இதோடு ஒத்துப்போகிறது.

மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒன்று: ஒரு நீலச் சில்லுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். பல்புகளில் வரும் சதுரம் பலவற்றில் ஒன்றுக்குள்ளேயே மூன்று, ஆறு சில்லுகள் தொடராக இருக்கும், அதாவது 9 அல்லது 18 வோல்ட். மீட்டரால் அவற்றை எரிய வைக்க முடியாது. எரியவில்லை என்பதற்காக நல்லதையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாடிப்படி:
நன்றி, இப்போது புரிகிறது. அப்படியானால் கெட்ட ஒன்றை ஷார்ட் செய்தால் மற்றவை எரியத்தானே வேண்டும்?

சால்டரிங் கை:
எரியும். பலமுறை செய்திருக்கிறேன், நீண்ட காலம் ஓடியவையும் உண்டு. நல்ல பல்பைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஈயக்கம்பி:
உங்கள் மனசு எனக்கும் உண்டு. ஆனால் எந்த டிரைவர், அதாவது மெயின் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சுற்று எந்த வகை, என்பதைப் பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

சில பல்புகளில் அடியில் தனி போர்டு இருக்கும். மஞ்சள் டேப் சுற்றிய கம்பிச்சுருள் (காயில்), உருளைக் கெப்பாசிட்டர், ஓர் ஐசி. இது மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ஸ்விட்சிங் டிரைவர். ஒரு சதுரத்தைக் குறைத்தால் தானாகவே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். சால்டரிங் கை சொல்லும் பல்புகள் இந்த வகையாக இருந்திருக்கலாம்.

இவருடையது வேறு, தகட்டிலேயே டிரைவர். 'டிரைவர் ஆன் போர்டு', சுருக்கமாக டிஓபி என்பார்கள். காயில் கிடையாது. எல்இடிகளுக்குத் தேவையானது போக மிஞ்சும் வோல்ட் அனைத்தும் அந்தச் சின்ன ஐசியின் தலையில் சூடாக இறங்குகிறது. ஒரு 18 வோல்ட் சதுரத்தை ஷார்ட் செய்தால் அந்த 18 வோல்ட்டும் ஐசிக்குப் போகும். அதே அலுமினியத் தகட்டில்தான் ஐசியும் எல்இடிகளும் உட்கார்ந்திருக்கின்றன, ஆக எல்லாமே இன்னும் சூடாகும். மூடிய கிண்ணத்துக்குள் இது நிலைக்காது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பெட்டி வடிவக் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தே மின்னோட்டத்தைக் குறைப்பது. செலவு குறைந்த வழி. மெயின் வோல்ட் ஏறினால் எல்இடி மின்னோட்டமும் கூடவே ஏறும், அதனால் எனக்கு இதன்மேல் மதிப்பில்லை.

இன்னொன்று மிக முக்கியம். இந்த மூன்றிலும் பெரும்பாலானவை மெயினிலிருந்து பிரிக்கப்படாதவை. மூடியைக் கழற்றிய நிலையில் மின்சாரம் கொடுத்தால் அந்த மஞ்சள் சதுரங்களின் முனைகளைத் தொடுவது பேஸைத் தொடுவதுதான். 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், கழற்றிய பிறகும் சற்று நேரம் இருக்கும். மூடி இல்லாமல் பல்பை மாட்டிப் பார்க்கவே வேண்டாம்.

சால்டரிங் கை:
டிஓபி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். நான் செய்ததெல்லாம் காயில் உள்ளவைதான்.

மாடிப்படி:
சரி, அந்தப் பல்பை விட்டுவிடுகிறேன். மூடிய கிண்ணத்துக்கு எந்த வகை வாங்குவது? படுக்கையறை போல ஃபிலமென்ட் வகை போடலாமா?

வெளிச்சம்:
ஃபிலமென்ட் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் குச்சி ஒவ்வொன்றும் மெல்லிய பட்டையில் வரிசையாக ஒட்டிய சின்னச் சின்னச் சில்லுகள், மேலே பாஸ்பர். அலுமினியம் இல்லாததால் கண்ணாடிக்குள் ஹீலியம் போன்ற வாயுவை அடைத்து, அது சூட்டைக் கண்ணாடிக்குக் கடத்துகிறது. திறந்த இடத்தில் அழகாக வேலை செய்யும், ஒளியும் எல்லாப் பக்கமும் பரவும். ஆனால் டிரைவர் முழுவதும் அந்தச் சின்ன மூடிக்குள் அடங்க வேண்டும். கிண்ணத்துக்குள் சூடான காற்று மேலேதான் தேங்கும். பல்பு தலைகீழாகத் தொங்கும்போது டிரைவர் இருப்பதும் அங்கேதான்.

டிரைவரில் முதலில் போவது பெரும்பாலும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மணிநேரம் மூடிய கிண்ணத்துக்குச் சொன்னதில்லை. மூடிய பொருத்திக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் வாட் குறைந்ததாக எடுங்கள். வாட்டை வைத்து வெளிச்சத்தை அளக்காமல் லூமனைப் பாருங்கள், பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 800 லூமன். கிண்ணத்தையே மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. டிரைவர் தனிப் பெட்டியாக வெளியே இருக்கும் பேனல் விளக்கு போடலாம், டிரைவர் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மாடிப்படி:
படுக்கையறை சுவிட்சில் நியான் வயரை எடுத்தாயிற்று, ஒளிர்வது முழுவதும் நின்றுவிட்டது. பேஸ்தான் சுவிட்சுக்கு வருகிறது என்பதையும் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லிவிட்டார். கூடத்துக்குப் பேனல் விளக்கே போடப்போகிறேன். அதன் டிரைவர் பெட்டியைக் கூரைப் பலகைக்குமேல் வைக்கலாமா?

வெளிச்சம்:
வைக்கலாம். பஞ்சு மாதிரி வெப்பத்தடுப்பு எதையும் அதன்மேல் போர்த்தாமல், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி விடுங்கள். டிரைவர்மேல் எழுதியுள்ள மில்லிஆம்பியரும் வோல்ட் எல்லையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றும்போது அதே அளவில் தேட வேண்டியிருக்கும்.

டெஸ்டர்:
எடுத்த நியான் வயர்களின் முனை சுவிட்சு பெட்டிக்குள் சும்மா தொங்கினால் டேப் சுற்றிவிடுங்கள், அல்லது நியானையே கழற்றிவிடுங்கள்.