வீட்டு நீச்சல் குளத்துக்கும் ஸ்பாவுக்கும் கேஸ் ஹீட்டரா, ஹீட் பம்பா? (மெல்பர்ன்)

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டில் ஏறத்தாழ 40,000 லிட்டர் கொள்ளும் நீச்சல் குளமும், அதையொட்டி 1,500 லிட்டர் ஸ்பாவும் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) இருக்கின்றன. பம்பும் வடிகட்டியும் இரண்டுக்கும் பொது. முன்பிருந்தவர்கள் வைத்த கேஸ் ஹீட்டரின் உள்ளே செப்புக் குழாய்கள் அரித்து ஒழுகுவதால், அதைப் பழுதுபார்ப்பது வீண்செலவு என்று பிளம்பர் சொல்லிவிட்டார். அதே இடத்தில் புதிய கேஸ் ஹீட்டர் வைப்பதா, மின்சாரத்துக்கு மாறுவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. பிள்ளைகள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நீந்துவார்கள். மூட்டுவலி உள்ள என் அம்மாவுக்கு ஜூன், ஜூலைக் குளிரில் வாரம் இரண்டு மாலைகள் ஸ்பாவின் வெந்நீர் பேருதவியாக இருந்தது. அதை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. கூரையில் 6.6 கிலோவாட் சோலார் உள்ளது.

மறுமொழி 1

வணக்கம். குளத்தையும் ஸ்பாவையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வெப்பம் வேண்டும். அதன்படி உங்கள் குளத்தை ஒரே ஒரு டிகிரி உயர்த்த சுமார் 46 யூனிட் (கிலோவாட்-மணி) ஆகும். குளிர்காலத்தில் ஸ்பாவை 12 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 44 யூனிட் ஆகும். எனவே பணம் கரைவது அம்மாவின் வெந்நீரில் அல்ல, குளத்தில்தான்.

கேஸ் ஹீட்டரில் எரியும் வாயுவின் வெப்பத்தில் சுமார் 85 சதவீதம் நீரில் சேர்கிறது. ஹீட் பம்போ வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து நீருக்கு மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கோடையில் 5 யூனிட் வரையிலும், குளிர்காலத்தில் 3 அல்லது 4 யூனிட்டும் வெப்பம் தரும். என் பில்லில் கேஸ் ஒரு மெகாஜூலுக்கு (3.6 மெகாஜூல் ஒரு யூனிட்) 4 சென்ட், மின்சாரம் யூனிட்டுக்கு 30 சென்ட். இந்த விலையில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு கேஸில் 17 சென்ட்டும் கோடையில் ஹீட் பம்பில் 6 சென்ட்டும் ஆகின்றன. நண்பகலில் சோலார் மின்சாரத்திலேயே ஓட்டினால் இது இன்னும் குறையும். "எலெக்ட்ரிக் ஹீட்டர்" என்ற பெயரில் வெறும் கம்பிச் சுருள் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். அது ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கு சரிதான். ஆனால் அதில் நேரம் சேர்க்கப்படவில்லை. மணிக்கு 400 மெகாஜூல் எரிக்கும் கேஸ் ஹீட்டர் உங்கள் ஸ்பாவை அரைமணி நேரத்தில் 37 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும். 17 கிலோவாட் ஹீட் பம்ப் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது வெதுவெதுப்பான காற்றில் அளந்த திறன். ஜூலை மாலையில் அது 10, 11 கிலோவாட்டுக்கு இறங்கினால் அதே வேலைக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு வலி வரும் நேரத்தை முன்கூட்டியே அறிய முடியாது என்றால் கேஸ்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2024 ஜனவரி 1 முதல் நம் விக்டோரியா மாநிலத்தில் திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்குத்தான் கேஸ் இணைப்பு இல்லை. ஏற்கெனவே இணைப்பு உள்ள உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது.

மறுமொழி 3

எதை வாங்கினாலும் முதலில் குளத்துக்கு ஒரு மூடி வாங்குங்கள். திறந்த குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு நீர் ஆவியாவதால் போவது. ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மூடாத குளம் ஓர் இரவில் இரண்டு டிகிரி இறங்கினால், மேலே சொன்ன விலையில் அதை மீட்க கேஸில் 15 டாலருக்கு மேலும், ஹீட் பம்பில் ஐந்தரை டாலர் அளவிலும் செலவாகும். இரண்டு விதத்திலும் அது தேவையில்லாத செலவு.

உங்கள் செப்புக் குழாய்கள் ஏன் அரித்தன என்று யாரும் கேட்கவில்லை. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு நீண்டகாலம் 7.2க்குக் கீழே இருந்தால் செம்பு கரையும். அந்த நிலை தொடர்ந்தால் புதிய கேஸ் ஹீட்டரும் இதே கதிக்கு ஆளாகும். ஹீட் பம்புகளில் பெரும்பாலும் டைட்டானியம் குழாய்கள் இருப்பதால் அவை அதிகம் தாங்கும். ஆனால் அதன் விசிறி மணிக்கணக்கில் ஓடும் என்பதால், அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

மேலும், அடுப்பும் வெந்நீரும் மின்சாரத்துக்கு மாறிவிட்டிருந்தால், குளத்துக்காக மட்டும் கேஸ் இணைப்பை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் தினசரிக் கட்டணம் செலுத்துவீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் அடுப்பும் வெந்நீரும் சென்ற ஆண்டே மின்சாரத்துக்கு மாறிவிட்டன. கேஸ் இப்போது இந்த ஒரு ஹீட்டருக்கு மட்டுமே வருகிறது. அம்மாவிடம் கேட்டேன். வலி பெரும்பாலும் மாலையில்தான் வருகிறது என்றும், குளிர் கூடும் நாள் காலையிலேயே தமக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். ஆகவே வால்வைத் திருப்பிக் குளத்தைப் பிரித்துவிட்டு, நண்பகலில் ஸ்பாவுக்கு மட்டும் ஹீட் பம்பை ஓட்டி, மேலே தடித்த மூடியைப் போட்டு வைத்தால் அவருக்குப் போதும். இன்று நீரைச் சோதித்தபோது பிஎச் 6.8 என்று காட்டியது. அதைச் சரிசெய்த பிறகே புதிய இயந்திரத்தைப் பொருத்தச் சொல்லப்போகிறேன்.