மறு: சார்பு முன்னிடைச்சொல்லா, வேண்டுருபா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலப் பெயரடைக்கு (adjective) பின்னால் அந்தந்தச் சொல்லுக்கென்று வருகிற of, at போன்ற முன்னிடைச்சொல்லுக்கு, அதாவது dependent preposition என்பதற்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று ஓடுகிற இந்த இழையை மூன்று நாளாக வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். கலைச்சொல் ஆக்குவது என் தொழில் இல்லை, கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவன், அவ்வளவுதான். ஆனால் நேற்று வகுப்பில் நடந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்தாம் ஆண்டு, பதினொரு பிள்ளைகள். யன்னலைத் திறந்தால் காலிக்குப் போகும் வீதியின் பஸ் ஹோர்ன், மூடினால் வேர்வை. "தம்பி நாய்க்குப் பயந்தவன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஏழு கொப்பியில் "அஃப்றெயிட் ரு டோக்ஸ்" (afraid to dogs) என்று இருந்தது. (to என்பதை ரு என்று எழுதுவதா டு என்று எழுதுவதா என்று சென்னை நண்பர்களோடு எங்களுக்குள்ள பழைய சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.) இது கவனக்குறைவு இல்லை. தமிழில் "நாய்க்கு", அந்தக் குவ்வை அப்படியே தூக்கி "ரு" ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களமும் "பல்லாட்ட பயய்" என்று அதே நாலாம் வேற்றுமையைத்தான் போடுகிறது, ஆக கொழும்புப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிழை வந்து சேர்கிறது. "ஒஃப் (of) வரவேண்டும்" என்று திருத்தினேன். பின் வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "அப்ப சேர், அஃப்றெயிட்டுக்கு வால் ஒஃபா?"

வால்! நான் சொல்லிக் கொடுத்த சொல் இல்லை. விசாரித்தால், இரண்டு கிழமையாக அவர்களுக்குள் அதுதான் பெயராம். இன்ரறெஸ்ரட்டுக்கு (interested) வால் இன், மறீட்டுக்கு (married) வால் ரு, குட்டுக்கு (good) வால் அற். நாம் இங்கே முப்பது மடல் எழுதிவிட்டோம், அதுகள் ஒரே சொல்லில் முடித்துவிட்டன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

> பெயரடையைச் சார்ந்து வருவதால் சார்பு முன்னிடைச்சொல் என்பதே பொருத்தம்

ஐயா, ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்திருக்கிறீர்கள், அதனால் உடனே விளங்குகிறது, ஆனால் ஆங்கிலம் தெரிந்த நமக்குத்தான் விளங்குகிறது. தமிழ் இலக்கணம் படிக்கிற பிள்ளைக்குச் சார்பு என்றவுடன் சார்பெழுத்து நினைவுக்கு வரும். அப்படியானால் முதல் முன்னிடைச்சொல் எது என்று கேட்கும், பதில் சொல்ல உங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

> தொடருக்குப் பெயரடை முன்னிடைத்தொடர் என்று வைக்கலாமே

இதில்தான் எனக்குப் பெரிய சிக்கல். இந்தப் பெயர் மூன்று வேறு சங்கதிகளுக்குப் பொருந்தும். "குட் அற் மத்ஸ்" என்பதில் அற் என்பதைக் கேட்பது குட். "அங்ரி அற் நூன்" என்றால், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோபமாக இருந்தார், அந்த அற் நேரத்துக்கு உரியது, கோபத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்றாவது, "த மான் இன் த வைற் ஷேர்ட்", இங்கே முன்னிடைத்தொடரே பெயரடையாக வேலை செய்கிறது, நாங்கள் "வெள்ளைச் சட்டைக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மூன்றையும் ஒரே பெயரில் கட்டினால் பிள்ளைகளுக்கு முன்னால் நாமே தடுமாறுவோம்.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். பெயரைச் சிறு சொல்லின் பக்கம் நின்று வைக்காமல், அதைக் கேட்கிற சொல்லின் பக்கம் நின்று வைப்போம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியலில் "அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும்" என்று ஒரு நூற்பா வருகிறது. பழியின் அஞ்சும் (ஐந்தாம் வேற்றுமை), பழியை அஞ்சும் (இரண்டாம் வேற்றுமை), இரண்டும் சரி என்பது அதன் பொருள். பாருங்கள், "அச்சக் கிளவிக்கு" என்றுதான் தொடங்குகிறார். பயம் என்ற சொல் எந்த உருபைக் கேட்கும் என்பதுதான் அவருடைய கேள்வி, நேற்று அந்தப் பிள்ளை கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். இன்றைக்கு நாங்கள் ஐந்தையும் இரண்டையும் விட்டு நாலுக்கு வந்துவிட்டோம், "நாயின் அஞ்சுகிறேன்" என்று கொழும்பில் சொன்னால் நாயே சிரிக்கும். ஆனால் ஒரு சொல் குறிப்பிட்ட உருபைக் கேட்கும், அந்தக் கேள்வி காலத்தோடு மாறும் என்ற விளக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உரைகாரர்கள் ஒரு சொல் இன்னொன்றை எதிர்பார்த்து நிற்பதை அவாய்நிலை என்றார்கள். அவாய் முன்னுருபு என்று வைக்க எனக்கு ஆசைதான், பத்தாம் ஆண்டுக்கு அது ஆகாது.

அதனால் என் முன்மொழிவு: வேண்டுருபு. சொல் வேண்டுகிற உருபு, வினைத்தொகை, ஊறுகாய் போல. தொடருக்கு வேண்டுருபுத் தொடர். அஃப்றெயிட்டின் வேண்டுருபு ஒஃப்.

உருபு என்று ஏன் சொல்கிறேன் என்றால், முன்னிடைச்சொல் பிழை என்பதற்காக இல்லை, நம் மரபில் வேற்றுமை உருபும் இடைச்சொல்தான். ஆனால் உருபு என்றவுடன் பிள்ளை தன்னிடம் உள்ள ஐ, ஆல், கு, இன், இல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கும், வகுப்பில் எனக்கு வேண்டியதும் அந்த ஒப்பீடுதான். "கணக்கில் கெட்டிக்காரி" என்பதால் "குட் இன் மத்ஸ்" என்று எழுதுகிறது, அங்கே அற் வரவேண்டும். "அவர் மேல் கோபம்" என்பதால் "அங்ரி ஒன் ஹிம்". வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் "அவள் என்னோடு கோபம்" என்றும் சொல்வோம், பேச்சுவார்த்தை இல்லை என்ற அர்த்தத்தில், அந்த ஓடுவைப் பிடித்துக்கொண்ட பிள்ளை "அங்ரி வித்" என்று சரியாக எழுதிவிடும்! "வாளி நிறையத் தண்ணீர்" என்பதில் நமக்கு உருபே இல்லை, ஆங்கிலத்துக்கு "ஃபுல்" என்றால் ஒஃப் வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. "ரயர்ட் ஃப்ரொம்" (tired from) என்றால் வேலை செய்து களைத்துவிட்டது, "ரயர்ட் ஒஃப்" என்றால் சலித்துவிட்டது. ஆங்கிலம் உருபை மாற்றிப் பொருளை மாற்றுகிறது, தமிழ் சொல்லையே மாற்றுகிறது, களைப்பு வேறு, சலிப்பு வேறு. குட் என்பதும் அப்படித்தான்: அற் போட்டால் கெட்டித்தனம், ஃபோர் போட்டால் உடம்புக்கு நல்லது, ரு போட்டால் ஒருவரிடம் அன்பாக நடப்பது. அகராதியில் குட் என்பதற்கு நேரே நல்ல என்று மட்டும் எழுதிவைத்தால் இதெல்லாம் எங்கே போவது?

டிஃபரன்ற் (different) என்பதற்கு ஃப்ரொம்மா, ரூவா, தானா (than) என்று கேட்டவருக்கு: ஃப்ரொம் எங்கும் செல்லும், ரு பிரித்தானியப் பழக்கம், தான் அமெரிக்கப் பழக்கம். பரீட்சைக்கு ஃப்ரொம் எழுதட்டும்.

குறை சொல்வதற்கு முன் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சொல்லும் ஒரே அளவுக்கு வேண்டுவதில்லை. அஃப்றெயிட் தனியாக நிற்கும், "ஐ ஆம் அஃப்றெயிட்" முழு வாக்கியம். "ஐ ஆம் ஃபொன்ட்" (fond) என்று நிறுத்தினால் கேட்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார், ஒஃப் வந்தே ஆகவேண்டும். இந்த வேறுபாட்டுக்குத் தனிப்பெயர் வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

தம்பிக்கு,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். வேண்டுருபு வாயில் நன்றாக வருகிறது, சார்பை நான் கைவிடத் தயார். ஆனால் உருபு என்றால் பிஹைன்ட், அண்டர் எல்லாம் என்ன செய்வது? அவை உருபு இல்லையே, பின்னால், கீழே என்று முழுச் சொற்கள். மற்றது, வேண்டுருபு என்று கரும்பலகையில் எழுதினால் என் பிள்ளைகள் வேண்டுகோள் என்று வாசிப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு எல்லாம் பாடமாக்கினோம், ஆனபடியால் சொல் கடினம் என்பதற்காக எதிர்க்கவில்லை, வாசிப்புக் குழப்பத்தைத்தான் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளின் வால் எனக்குப் பிடித்திருக்கிறது.

*

அக்கா,

முதலாவதற்குப் பதில் இருக்கிறது. பெயரடை கேட்கிற கூட்டம் சின்னது: ஒஃப், அற், இன், ஒன், ரு, வித், ஃபோர், ஃப்ரொம், அபவுட், பை, இவைதான் திரும்பத் திரும்ப வரும். பிஹைன்டை வேண்டுகிற பெயரடை எனக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. அபவுட் பற்றி என்பதற்குச் சமம், பற்றியை நாமே சொல்லுருபு, அதாவது உருபு போல நிற்கிற முழுச் சொல், என்கிறோம். ஆகவே மொத்த முன்னிடைச்சொற்களுக்கும் உருபு என்ற பெயரை நான் கேட்கவில்லை, இந்தக் கூட்டத்துக்கு மட்டும்.

இரண்டாவதற்குப் பதில் இல்லை. இன்று பின்னேரம் பலகையில் எழுதிப் பார்த்தேன். பதினொரு பேரில் நாலு பேர் வேண்டுகோள் என்றுதான் வாசித்தார்கள். பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். வேண்டு உருபு என்று பிரித்து எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை, சனிக்கிழமை வகுப்பில் அப்படி எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பின் வாங்குப் பிள்ளை மட்டும் கொப்பியில் வேண்டுருபு என்று எழுதி, பக்கத்தில் ஒரு நாயைக் கீறி, அதன் வாலில் ஒஃப் என்று எழுதியிருக்கிறாள்.