மேக்ஸ் 30102 சென்சார்: ஆக்சிஜன் அளவு 85-லேயே நிற்கிறது, ஏன்?

கேள்வி:
ஆர்டுயினோ ஊனோ போர்டில் மேக்ஸ் 30102 (விரலில் ஒளி பாய்ச்சி ரத்த ஆக்சிஜனை அளக்கும் சென்சார்). கணக்கிடும் நிரல் நானே எழுதியது. விரலை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். விரல் வைத்தால் ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளி) 1,10,000, சிவப்பு 95,000 சுமார். எஸ்.பி.ஓ.2 (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) மட்டும் 84–86 தாண்டவே மாட்டேன் என்கிறது. கடையில் வாங்கிய கிளிப் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. சூத்திரம் 110 − 25ஆர்.

பதில் 1:
ஆர் எவ்வளவு வருகிறது என்று பிரிண்ட் செய்து பாருங்கள், 1-ஐ ஒட்டியே இருக்கும். 110 − 25 = 85. அதாவது நீங்கள் அளப்பது ரத்தத்தை இல்லை, விரல் ஆட்டத்தை. ஆர் என்பது சிவப்பின் துடிப்பு வீதத்தை (ஏ.சி./டி.சி., அதாவது துடிக்கும் பகுதி ÷ மாறாத பகுதி) ஐ.ஆர். வீதத்தால் வகுத்தது. விரல் அசைந்தால் இரண்டு ஒளியும் ஒரே வீதத்தில் ஏறி இறங்கும், விடை 1. தமனித் துடிப்பில் மட்டும்தான் 660, 880 நானோமீட்டர் ஒளிகளை ரத்தம் வேறுவேறாக உறிஞ்சுவது தெரியும். ரப்பர் பேண்ட் அந்தத் துடிப்பையே நசுக்கிவிடுகிறது. அதைக் கழற்றி, விரலைச் சும்மா வைத்து, மேலே கறுப்புத் துணி மூடுங்கள். ஐ.ஆர். துடிப்பு டி.சி.யில் 1% அளவு, அதாவது 1,100 எண்ணிக்கையாவது தெரிய வேண்டும்.

(மெத்தீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின், கூடியவர்களுக்கு நல்ல ஆக்சிமீட்டரும் 85 பக்கம் காட்டுவது இதே கணக்கில்தான். மெத்தீமோகுளோபின் இரண்டு ஒளியையும் ஏறக்குறைய சமமாக உறிஞ்சும்.)

கேட்டவர்:
கழற்றியதும் அலை அழகாக வருகிறது. ஆனால் 94-இல் நிற்கிறது. ஆர் 0.65.

பதில் 2:
மாதிரிகளை 16 பிட் அன்சைன்ட் அரேயில் சேமிக்கிறீர்களா? சென்சார் தருவது 18 பிட். 65,536-ஐத் தாண்டியது சுற்றிவிடும்: 1,10,000 போய் 44,464, 95,000 போய் 29,464. துடிப்பு உயரம் மாறாது, டி.சி. மட்டும் தப்பு. உண்மையான ஆர் 0.5 இப்படித்தான் 0.65 ஆகும். 32 பிட்டுக்கு மாற்றுங்கள். 100 ஜோடி மாதிரிக்கு 800 பைட், ஊனோவின் 2,048 பைட் நினைவகத்தில் அடங்கும்.

கேட்டவர்:
அதேதான்! இப்போது 97–98.

பதில் 3:
வேறு போர்டு மாற்றினால் ஒன்று பாருங்கள்: சில மலிவு போர்டுகளில் சிவப்பும் ஐ.ஆரும் இடம் மாறியிருக்கும். ஆர் தலைகீழாகி 60 காட்டும். சிவப்பு எல்.ஈ.டி. கரண்டை 0 ஆக்குங்கள்; ஐ.ஆர். எண் விழுந்தால் மாறியிருக்கிறது. அப்புறம், 110 − 25ஆர் பொதுவான தோராயம்தான், உங்கள் சென்சாருக்கு அளவுதிருத்தம் செய்தது இல்லை. 97-இல் கிளிப்போடு ஒத்துப்போவதால் 88-இலும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சை அடக்கியெல்லாம் சோதிக்க வேண்டாம்.